ஆஸ்பத்திரி அலட்சியம்: போலீஸ் புகாரா, நுகர்வோர் வழக்கா, மருத்துவக் கவுன்சிலா?

சிகிச்சையில் தவறு நடந்து உயிர் போய்விட்டது என்று தெரிந்தவுடன், பிணவறை வாசலில் நிற்கும் குடும்பத்தார் முதலில் சொல்வது "கேஸ் போடணும்" என்பதுதான். எந்த கேஸ் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. காவல் நிலையத்துக்குப் போகிறார்கள், மனு கொடுக்கிறார்கள், சி.எஸ்.ஆர். ரசீது (மனு வாங்கியதற்கான ஒப்புகை) வாங்குகிறார்கள், பிறகு காத்திருக்கிறார்கள். மருத்துவக் குழுவின் கருத்து வரவில்லை, விசாரித்த அதிகாரி மாறிவிட்டார், கோப்பு மேலே போயிருக்கிறது என்று மாதங்கள் ஓடும். கடைசியில் "மேல் நடவடிக்கை தேவையில்லை" என்று ஒரு பக்கக் கடிதம் வரும். அதற்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகச் சட்டம் கொடுத்த 2 ஆண்டுக் கெடு முடிந்துபோயிருந்தால், குடும்பத்தின் கையில் இரண்டும் இல்லை.

இந்த இழப்பு முழுக்கத் தவிர்க்கக்கூடியது. வழிகள் மொத்தம் நான்கு: குற்ற வழக்கு, நுகர்வோர் ஆணையம், மாநில மருத்துவக் கவுன்சில், உரிமையியல் நீதிமன்றம் அல்லது உயர் நீதிமன்ற ரிட் (அரசுக்கு எதிராக நேரடியாகப் போடும் மனு). ஒரே சம்பவத்தைப் பற்றி நான்கு இடத்திலும் நான்கு வேறு கேள்விகள் கேட்கப்படும். இவரைச் சிறைக்கு அனுப்பும் அளவுக்கு மோசமான அலட்சியமா என்று குற்றவியல் நீதிமன்றம் கேட்கும். சாதாரணத் திறமையுள்ள ஒரு மருத்துவர் காட்டியிருக்க வேண்டிய அக்கறை இதில் இருந்ததா என்று நுகர்வோர் ஆணையம் கேட்கும். பதிவேட்டில் இவர் பெயர் இருக்கலாமா என்பது கவுன்சிலின் கேள்வி. அரசு தன் கடமையில் தவறியதா என்பது ரிட்டின் கேள்வி. உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் என்று பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காலி சிலிண்டர்

1995-ல் லூதியானாவில் மூச்சுத் திணறிய ஒரு நோயாளி. கூப்பிட்டும் 20, 25 நிமிடம் யாரும் வரவில்லை. பிறகு ஆக்சிஜன் மாட்டினார்கள். திணறல் இன்னும் கூடியது. பார்த்தால் சிலிண்டர் காலி. நோயாளியின் மகன் பக்கத்து அறைக்கு ஓடி வேறொரு சிலிண்டரைத் தூக்கிவந்தார். அதை இயக்க ஏற்பாடு இல்லை, அதில் 5 முதல் 7 நிமிடம் போயிற்று. நோயாளி இறந்துவிட்டார். இதுதான் புகாரின் சாரம்.

படிக்கும் எவருக்கும் இது குற்றம் என்றுதான் தோன்றும். ஆனால் 2005 ஆகஸ்ட் 5 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, ஜேக்கப் மேத்யூ எதிர் பஞ்சாப் அரசு என்ற அந்த வழக்கில், மருத்துவர்கள் மீதான குற்ற நடவடிக்கையை ரத்து செய்தது. அந்த மருத்துவர்கள் தகுதியற்றவர்கள் என்றோ, சிகிச்சை முறையே தவறு என்றோ புகாரில் இல்லை. நிரம்பிய சிலிண்டர் தயாராக இல்லாதது மருத்துவமனையின் குறை. அதற்கு மருத்துவமனை உரிமையியல் சட்டப்படி பொறுப்பாகலாம், ஆகாமலும் போகலாம், அது வேறு விஷயம் என்றது நீதிமன்றம். அலட்சியத்தால் மரணம் என்ற பிரிவில் "கடுமையான" என்ற சொல் அச்சில் இல்லாவிட்டாலும், குற்றமாக வேண்டுமானால் அலட்சியம் கடுமையானதாக இருக்க வேண்டும் என்று வாசிக்கச் சொன்னது. இன்றுவரை மருத்துவர் மீதான ஒவ்வொரு குற்றப் புகாரும் இந்தத் தீர்ப்பின் வழியாகத்தான் நுழைய வேண்டும்.

அது வைத்த நிபந்தனைகள் மூன்று. தனிநபர் புகாரானால், வேறொரு தகுதியுள்ள மருத்துவரின் நம்பத்தக்க கருத்தைப் புகாரோடு தாக்கல் செய்ய வேண்டும். போலீஸ் விசாரணையானால், நடவடிக்கைக்கு முன் அந்தத் துறையில் தகுதியுள்ள, கூடுமானவரை அரசுப் பணியில் இருக்கும் மருத்துவரின் சார்பற்ற கருத்தை விசாரணை அதிகாரி வாங்க வேண்டும். புகார் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் மருத்துவரை வழக்கமான முறையில் கைது செய்யக் கூடாது. அன்றிரவே டாக்டரைக் கைது செய்யவில்லையே என்று காவல் நிலையத்தில் கோபப்படுவதில் பயனில்லை. அந்தச் சக்தியை வேறொரு வேலைக்குச் செலவிட வேண்டும்.

முதல் பத்து நாள்

அந்த வேலை காகிதம் சேர்ப்பது. எந்த வழியில் போவது என்று முடிவு செய்யும் முன்பே இதைத் தொடங்கியாக வேண்டும்.

இறப்பு என்றால் முதலில் பிரேதப் பரிசோதனை. அது இல்லாமல் மரணத்துக்கு என்ன காரணம் என்பது இரு தரப்பின் வாதமாகவே நின்றுவிடும். குற்ற வழக்கு அங்கேயே ஏறக்குறைய முடிந்துவிடும். உடலை வாங்கும் முன்பே, சிகிச்சையில் சந்தேகம் இருக்கிறது என்று எழுதி, அந்த எல்லைக்குரிய காவல் நிலையத்தில் கொடுங்கள். பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 194-வது பிரிவில் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174) சந்தேக மரணமாக எடுத்துக்கொண்டு உடலைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். சிகிச்சை நடந்த மருத்துவமனையிலேயே பரிசோதனை வேண்டாம், வேறு அரசு மருத்துவக் கல்லூரியில் வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும் என்று அதே மனுவில் கேளுங்கள். பரிசோதனை செய்யும் மருத்துவருக்கு என்ன அறுவை நடந்தது, கடைசியாக என்ன ஊசி போட்டார்கள், எத்தனை மணிக்கு நிலை மோசமானது என்ற விவரம் போய்ச் சேர வேண்டும். ஒவ்வாமை, மயக்க மருந்துப் பிரச்சினை போன்றவை உடலில் பெரிய அடையாளம் விடாமல் போகலாம். எதைத் தேட வேண்டும் என்று தெரியாதவர் உள்ளுறுப்பு மாதிரியை வேதியியல் ஆய்வுக்கு அனுப்பாமல் விட்டால், தகனத்துக்குப் பிறகு அதைச் சரி செய்ய வழியே கிடையாது.

அடுத்தது மருத்துவ ஆவணங்கள். 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளின்படி, உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும். வாயால் கேட்டால் "எம்.டி. ஊரில் இல்லை" என்பார்கள். எழுத்தில் கேட்டு, இரண்டாம் பிரதியில் தேதியோடு சீல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றே பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். 72 மணி நேரத்தில் தரவில்லை என்பது தனியே ஒரு விதிமீறல், பின்னால் மூன்று இடத்திலும் உதவும்.

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. முழு கேஸ் ஷீட் வேண்டும்: சேர்க்கைக் குறிப்பு, நர்சுகளின் குறிப்பு, மருந்து சார்ட், மயக்க மருந்து சார்ட், ஐ.சி.யூ. சார்ட், ஒப்புதல் படிவம், ஆய்வக முடிவுகள், ஸ்கேன் படங்கள். மருந்தக பில்களை ஒன்றுவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் ஷீட்டைப் பிறகு உட்கார்ந்து "சரி" செய்பவர்களுக்கு மருந்தக பில்லின் நேரம் நினைவுக்கு வருவதில்லை. அவசர மருந்து இரவு 11:40-க்குக் கொடுத்ததாக சார்ட் சொல்லி, அதே மருந்து 12:25-க்குத்தான் பில் ஆகியிருந்தால், அந்த 45 நிமிடம் உங்கள் வழக்கின் முதுகெலும்பாகலாம். வார்டில் இருப்பு மருந்து இருந்தது என்று பதில் வரும். அப்போது வார்டு இருப்புப் பதிவேட்டைக் கேளுங்கள். சி.சி.டி.வி. பதிவு சில வாரங்களிலேயே அழிந்துவிடும்; எந்தத் தளம், எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்று குறிப்பிட்டு, அழிக்காமல் வைக்கும்படி முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

அந்த வேதனையில் ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைப்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் மீதான வன்முறைக்கு 2008 முதல் தனிச் சட்டம் இருக்கிறது, அது ஜாமீனில் வர முடியாத குற்றம். கேள்வி கேட்க வேண்டிய குடும்பம் எதிரியாகி, ஜாமீனுக்கு அலைந்துகொண்டிருக்கும்போது இந்தப் பத்து நாளும் போய்விடும்.

குற்ற வழக்கு: எது நிற்கும், எது விழும்

2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவங்களுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 106(1) பிரிவு. அதற்கு முந்தியவற்றுக்கு இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ. பழைய பிரிவில் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதிய பிரிவில் பொதுவாக 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும். பதிவு பெற்ற மருத்துவர் மருத்துவச் செயல்முறையின்போது செய்த அலட்சியமானால் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும். முன்பு போல வெறும் அபராதத்தோடு முடிக்க இப்போது வாசகத்தில் இடமில்லை. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம்தான், ஆனால் ஜாமீனில் விடக்கூடியது.

"பதிவு பெற்ற மருத்துவர்" என்ற சொல்லைக் கவனியுங்கள். தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி அங்கீகரித்த தகுதியும், மாநில அல்லது தேசியப் பதிவேட்டில் பெயரும் இருப்பவருக்குத்தான் அந்த 2 ஆண்டுச் சலுகை. சட்ட வாசகப்படி பார்த்தால், தகுதியில்லாமல் ஊசி போட்டவரும், பராமரிக்காத கருவியை ஓட்டவிட்ட நிர்வாகியும் 5 ஆண்டுப் பகுதியில் வருவார்கள். இதனால் காலக்கெடுவும் மாறுகிறது. 3 ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றத்தை 3 ஆண்டுக்குள் நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்தாக வேண்டும். அதற்கு மேற்பட்ட தண்டனைக்கு அந்தக் கெடு கிடையாது. ஆகவே மருத்துவர் மீது 3 ஆண்டுக் கடிகாரம் ஓடுகிறது, போலி மருத்துவர் மீது ஓடவில்லை. உயிர் போகாமல் கொடுங்காயம் மட்டும் என்றால் 125(பி) பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, கெடுவும் 3 ஆண்டு. சாதாரணக் காயமானால் 125(ஏ) பிரிவில் 6 மாதம்தான், கெடு வெறும் 1 ஆண்டு. இதை மறந்து இரண்டாம் ஆண்டில் வக்கீலிடம் வருபவர்கள் நிறையப் பேர்.

சிலர் ஜாமீன் கிடைக்கக் கூடாது என்பதற்காகக் கொலைக் குற்றமாகாத மரணம் விளைவித்தல் பிரிவைச் சேர்க்கச் சொல்வார்கள். அதற்கு, மரணம் நேரக்கூடும் என்று தெரிந்தே செய்தார் என்பதைக் காட்ட வேண்டும். ஆயிரக்கணக்கானோர் இறந்த போபால் விஷவாயு வழக்கிலேயே, 1996-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவான 304 இரண்டாம் பாகக் குற்றச்சாட்டை 304ஏ-வாகக் குறைத்தது. 2010-ல் குற்றவாளிகளுக்கு 2 ஆண்டுதான் விதிக்க முடிந்தது. சேர்த்த பிரிவு உதிர்ந்தால் வழக்கின் நம்பகமும் சேர்ந்து உதிரும்.

நிரூபிக்க வேண்டியவை இரண்டு: அலட்சியம் கடுமையானது, அதுவே மரணத்தின் நேரடிக் காரணம். இரண்டாவதில்தான் பல வழக்குகள் விழுகின்றன. குஜராத்தில் சலைன் பாட்டில்களில் லெட் நைட்ரேட் கலந்து 12 பேர் இறந்த வழக்கு 1972-ல் உச்ச நீதிமன்றம் வந்தது. நான்கு தனித்தனி உற்பத்திக்கு ஒரே பேட்ச் எண் போட்டார் பொறுப்பிலிருந்த வேதியியலாளர். தனித்தனி எண் இருந்திருந்தால் தனித்தனிப் பரிசோதனையில் நச்சு பிடிபட்டிருக்கும் என்பது அரசுத் தரப்பு வாதம். விதி மீறப்பட்டது உண்மை, ஆனால் அந்தத் தொழிற்சாலையில் வழக்கமே அப்படித்தான். மரணத்துக்கு நேரடியான, உடனடியான காரணம் இவருடைய செயல் என்று காட்டவில்லை என்று அவர் விடுவிக்கப்பட்டார். அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்பது மட்டும் குற்றவியல் சட்டத்துக்குப் போதாது.

ஆகவே குற்ற வழக்கு நிற்க வாய்ப்புள்ளவை குறைவு: தகுதியே இல்லாதவர் செய்த சிகிச்சை, வலது காலுக்குப் பதில் இடது காலில் கத்தி வைத்தது, பிரிவு பார்க்காமல் மாற்று ரத்தம் ஏற்றியது, மயக்க மருந்து கொடுத்துவிட்டு நோயாளியைக் கவனிக்க ஆளில்லாமல் விட்டுப் போனது, ஒவ்வாமை என்று கேஸ் ஷீட்டிலேயே எழுதியிருந்த மருந்தைக் கொடுத்தது. நோயைத் தவறாகக் கணித்தார், இரண்டு சிகிச்சை முறையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார், அறுவைக்குப் பின் தெரிந்த சிக்கல் வந்தது என்பவை பெரும்பாலும் நிற்காது.

நடைமுறையில் வழக்கின் தலையெழுத்து மருத்துவக் குழுவின் கருத்தில் இருக்கிறது. அங்கே பெரிய ஓட்டை ஒன்று உண்டு. விசாரணை அதிகாரி அனுப்பும் கடிதத்தில் "சிகிச்சையில் அலட்சியம் உள்ளதா?" என்று ஒரு வரி இருக்கும். பதிலும் ஒரு வரியில் வரும்: "உரிய சிகிச்சை அளிக்கப்பட்டுள்ளது." இதைத் தவிர்க்க, நீங்களே கேள்விகளை எழுதி அதிகாரியிடம் மனுவாகக் கொடுங்கள், குழுவுக்கு அனுப்பும் கடிதத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். "பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு என்று 2:10-க்கு நர்ஸ் குறிப்பு இருக்கிறது. அடுத்த மருத்துவர் குறிப்பு 4:35. இடையில் செய்திருக்க வேண்டியது என்ன? ரத்தம் எத்தனை மணிக்குக் கேட்கப்பட்டது, எப்போது வந்தது? இந்த இடைவெளிக்கும் மரணத்துக்கும் தொடர்பு உண்டா?" என்று மணியும் பக்க எண்ணும் போட்டுக் கேட்டால், ஒரு வரியில் பதில் சொல்வது கடினம். கருத்து பாதகமாக வந்தாலும் அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எப்.ஐ.ஆர். பதிய மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில், பிறகு பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்ட்ரேட்டிடம் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 175(3) பிரிவில் மனு. உச்ச நீதிமன்றத்தின் லலிதா குமாரி வழக்குத் தீர்ப்பு மருத்துவ அலட்சியப் புகாரில் பூர்வாங்க விசாரணையை அனுமதித்திருப்பதால், உடனே எப்.ஐ.ஆர். போடவில்லை என்பதே தவறாகிவிடாது. தனிநபர் புகார் என்றால், இப்போது அதே சட்டத்தின் 223-வது பிரிவின்படி விசாரணைக்கு எடுக்கும் முன்பே எதிர்த்தரப்புக்குச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். ஆகவே இன்னொரு மருத்துவரின் கருத்து இல்லாமல் போனால் முதல் வாய்தாவிலேயே மனு தள்ளுபடியாகலாம். பணத்தைப் பொறுத்தவரை, அபராதத்திலிருந்து ஏதாவது கிடைக்கலாம் என்பதற்கு மேல் இந்த வழியில் எதிர்பார்க்க வேண்டாம்.

நுகர்வோர் ஆணையம்

பெரும்பாலான குடும்பங்களுக்கு முதல் வழக்காக இருக்க வேண்டியது இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சிகிச்சையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. இங்கே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதே அளவுகோல். "கடுமையான" அலட்சியமும் தேவையில்லை. காலி சிலிண்டர் போன்ற நிர்வாகக் குறை இங்கேதான் எடுபடும்.

ஒரே கேஸ் ஷீட்டுக்கு இரண்டு வழியிலும் என்ன பதில் கிடைக்கிறது என்பதற்கு அனுராதா சாகா வழக்கைப் பார்க்க வேண்டும். 1998-ல் கொல்கத்தாவில் தோல் தடிப்போடு வந்தவருக்கு டெப்போமெட்ரால் என்ற நீண்டநேரம் செயல்படும் ஸ்டீராய்டு, 80 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு தடவை எழுதிக் கொடுக்கப்பட்டது. தோல் உரியும் கொடிய நோய் முற்றி அவர் இறந்தார். 2009-ல் உச்ச நீதிமன்றம் ஒரே தீர்ப்பில், மருத்துவர்களைக் குற்ற வழக்கிலிருந்து விடுவித்தது சரி என்றது. அதே மூச்சில் அலட்சியம் நடந்தது உண்மை, இழப்பீட்டைக் கணக்கிடுங்கள் என்று தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கு அனுப்பியது. 2013-ல் இறுதித் தொகை ஏறக்குறைய 6 கோடி ரூபாய், 6 விழுக்காடு வட்டியோடு. முடிய 15 ஆண்டு ஆயிற்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

செலவு குறைவு. எந்த ஆணையம், எவ்வளவு கட்டணம் என்பது நீங்கள் கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்ததில்லை, மருத்துவமனைக்குக் கட்டிய தொகையைப் பொறுத்தது. 50 லட்சம் வரை கட்டியிருந்தால் மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். கட்டியது 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமே கிடையாது. மூன்றரை லட்சம் பில் கட்டிய குடும்பம் 40 லட்சம் இழப்பீடு கேட்டு மாவட்ட ஆணையத்தில் ஒரு பைசா கட்டணம் இல்லாமல் மனு போடலாம். அதே 40 லட்சத்துக்குத் தமிழ்நாட்டு உரிமையியல் நீதிமன்றத்தில் 3 விழுக்காடு, அதாவது 1,20,000 ரூபாய் நீதிமன்றக் கட்டணம். மருத்துவமனை சென்னையில் இருந்தாலும் நீங்கள் தென்காசியில் குடியிருந்தால் அந்த மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் இணைய வழியாகவும் முடியும்.

கெடு 2 ஆண்டு. தாமதத்தை மன்னிக்க அதிகாரம் உண்டு என்றாலும் அதை நம்பி இருக்க வேண்டாம். 1993-ல் நடந்த அறுவையில் வயிற்றுக்குள் துணி விடுபட்டுப் போன ஒரு பெண், 2002-ல் மறு அறுவையில் அது தெரிந்து, 2004-ல் வழக்குப் போட்டார். தெரிந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள்தானே என்றார். ஒன்பது ஆண்டு வலியோடு இருந்தவர் இடையில் தக்க மருத்துவரைப் பார்த்திருக்க வேண்டும், பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் அவர் மனுவைக் கெடு கடந்தது என்றே முடித்தது. அவரே ஒரு செவிலியர். வலி தொடர்ந்தால் வேறு மருத்துவரிடம் காட்டிய சீட்டுகூட ஓர் ஆதாரம் என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

இலவச சிகிச்சைக்கு இந்த வழி இல்லை என்பது பாதி உண்மை. எல்லாருக்கும் முழு இலவசமாகச் செய்யும் இடத்துக்குத்தான் விலக்கு. சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் மருத்துவமனை, அரசுடையதானாலும், வரம்புக்குள் வரும். காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டியிருந்தால் அதுவும் கட்டணமே. இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் உட்படும் என்று 2007-ல் தீர்ப்பாகிவிட்டது.

இங்கே என்ன கோளாறு வரும்? முதலாவது, எதிர்த்தரப்புகளை விடுவது. மருத்துவமனை, சிகிச்சை செய்த மருத்துவர், அவருடைய தொழில் காப்பீட்டு நிறுவனம் என மூவரையும் சேருங்கள். மருத்துவரின் பெயர் தெரியாவிட்டால் மருத்துவமனை மீது மட்டும் போட்டாலும் வழக்கு விழாது. யார் என்ன செய்தார் என்று விளக்கும் பொறுப்பு மருத்துவமனைக்கு. இரண்டாவது, நிபுணர் கருத்து. எல்லா வழக்குக்கும் அது கட்டாயம் இல்லை என்று 2010-ல் கிஷன் ராவ் வழக்கில் சொல்லப்பட்டது. மலேரியாவுக்கு டைபாய்டு சிகிச்சை கொடுத்த வழக்கு அது. ஆனால் மூளை அறுவை, இதய அறுவை போன்றவற்றில் நிபுணர் கருத்து இல்லாமல் போவது வெறுங்கையோடு போவதுதான். கிடைக்காவிட்டால் அந்தத் துறையின் பாடநூல் பக்கங்களையும் சிகிச்சை வழிகாட்டுதல்களையும் இணையுங்கள். மூன்றாவது, தொகைக்கு ஆதாரம் இல்லாதது. சம்பளச் சான்று, வருமான வரிக் கணக்கு, பிள்ளைகளின் வயதுச் சான்று, தொடர் சிகிச்சைச் செலவு மதிப்பீடு இல்லாமல் "50 லட்சம் வேண்டும்" என்றால், அலட்சியம் நிரூபணமான பிறகும் 3, 4 லட்சத்தில் முடிந்துவிடும்.

சட்டம் 3 மாதத்தில் முடிக்கச் சொல்கிறது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடக்கின்றன. எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், கூடுதலாக 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று 2020-ல் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. அந்த 46-ஆம் நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள்.

கவுன்சிலும் ரிட்டும்

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குக் கொடுக்கும் புகாரில் பணம் கிடைக்காது. எச்சரிக்கை, குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ பெயர் நீக்கம் என்பவைதான் விளைவு. புகார் மருத்துவமனை மீது இருக்கக் கூடாது, பெயரும் பதிவு எண்ணும் குறிப்பிட்டு மருத்துவர் மீது இருக்க வேண்டும். கட்டட வசதி, ஆள் பற்றாக்குறை, உரிமம் பற்றிய குறை என்றால் அது மாவட்ட நலப் பணிகள் இணை இயக்குநருக்குப் போக வேண்டியது. கவுன்சில் புகாரைத் தள்ளினால் மேல்முறையீடு செய்வது நோயாளிக்குச் சிரமம். தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் மேல்முறையீட்டு உரிமையைப் பாதிக்கப்பட்ட மருத்துவருக்கே எழுதி வைத்திருக்கிறது. இது நோயாளிகளுக்குச் செய்யப்படும் அநீதி, திருத்தப்பட வேண்டியது. ஆனாலும் இந்தப் புகாரைக் கொடுக்கலாம்: கவுன்சிலில் மருத்துவர் எழுதித் தரும் விளக்கம் நுகர்வோர் வழக்கில் அவர் சொல்வதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க அது பயன்படும்.

முழு இலவச அரசு மருத்துவமனையில், மறுக்க முடியாத உண்மைகள் இருந்தால் உயர் நீதிமன்ற ரிட் விரைவானது. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமியுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது வெளிவந்தபோது, மதுரைக் கிளை அடுத்த ஆண்டே 25 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. உண்மைகளில் தகராறு இருந்தால் ரிட் உதவாது. சாட்சி விசாரணை வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996-ல் 29 வாரத்தில், 1,250 கிராம் எடையில் பிறந்த குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யாமல் விட்டதால் பார்வை போன வழக்கு, தேசிய நுகர்வோர் ஆணையத்தில்தான் தொடங்கியது. அங்கே கொடுத்தது 5 லட்சம். 2015-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏறக்குறைய 1.8 கோடியாக உயர்த்தியது. உரிமையியல் நீதிமன்றத்தை, நுகர்வோர் வழியே இல்லாத நிலையில் மட்டும் எண்ணிப் பாருங்கள். இறப்புக்கான இழப்பீட்டு வழக்கென்றால் அங்கும் கெடு 2 ஆண்டுதான்.

எதை எந்த வரிசையில்

நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றவை மூடிவிடும் என்று சட்டத்தில் இல்லை. குற்ற வழக்கும் நுகர்வோர் வழக்கும் பக்கத்தில் பக்கத்தில் ஓடலாம். மருத்துவர் குற்ற வழக்கில் விடுதலையானாலும் நுகர்வோர் வழக்கு அதனால் முடியாது. மேலே சொன்ன கடுமையான வகைகளில் ஒன்று என்றால், போலீஸ் புகாரை அன்றே கொடுங்கள். பிரேதப் பரிசோதனைக்கும் ஆவணங்களைக் கைப்பற்றவும் போலீசுக்குத்தான் அதிகாரம். மற்றவற்றில் சந்தேக மரண மனு, ஆவணக் கோரிக்கை, பிறகு ஆறு மாதத்துக்குள் ஒரு சார்பற்ற மருத்துவரிடம் முழு கேஸ் ஷீட்டையும் காட்டிக் கருத்து. அவர் "இதில் தவறில்லை, நோயின் போக்கே இதுதான்" என்றால் அதையும் காது கொடுத்துக் கேளுங்கள். தவறு உண்டு என்றால், ஒரு வருடத்துக்குள் நுகர்வோர் மனு. மருத்துவக் குழுவின் கருத்துக்காக அதை நிறுத்தி வைக்காதீர்கள். கருத்து வந்தால் கூடுதல் ஆவணமாகத் தாக்கல் செய்துகொள்ளலாம். வக்கீல் கட்டணம் கட்ட முடியாதவர்களில் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும். விண்ணப்பத்தை இறந்தவரின் மனைவி அல்லது தாயின் பெயரில் கொடுத்தாலே போதும்.

பிணவறை வாசலில் சமரசப் பேச்சு வரும். இறுதிச் சடங்குச் செலவுக்கு என்று ஒரு தொகையும், கையெழுத்துக்கு ஒரு தாளும் நீட்டப்படும். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி அதில் இருந்தால், பணத்தை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்தத் தாளில் அன்று கையெழுத்துப் போடாதீர்கள். 106-வது பிரிவு சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றப் பட்டியலில் இல்லை, ஆகவே போலீஸ் வழக்கு அந்தத் தாளால் தானாக முடியாது. முடிந்துபோவது உங்கள் இழப்பீட்டு உரிமைதான்.